படிக்கட்டை மறந்தவர் போட்ட பட்ஜெட்

செந்துறையில் ராஜதுரையின் வீட்டுக்கு மாடி உண்டு, படி கிடையாது.

கஞ்சத்தனம் என்று ஊரில் ஒரு கட்சி சொன்னது. வாஸ்து என்று இன்னொரு கட்சி. இரண்டும் இல்லை. அஸ்திவாரம் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கல்லாகிப்போன சிப்பிகள் வந்தன. அந்தப் பக்கத்தில் அது ஓர் அதிசயமே இல்லை. அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ராஜதுரை அதில் ஒரு சிப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் எதைக் கேட்டாலும் "ம்" என்றார். மாடியில் ஓர் அறை, மேற்கே பார்த்து ஒரு ஜன்னல், ஜன்னலோரம் நாற்காலி, முந்திரித் தோப்புக்கு மேலே அலையடிக்கும் ஒரு பழைய கடல்: இவ்வளவையும் கண்டார், இவ்வளவுக்கும் கணக்கு எழுதினார். கனவில் அவர் எப்போதும் மாடியில் உட்கார்ந்துதான் இருந்தார். ஏறிப் போவதாக ஒரு நாளும் கனவு வரவில்லை. படி விட்டுப்போயிற்று. ஒரு மூங்கில் ஏணியைத் தற்காலிகமாகச் சாத்தினார்கள். நம் பக்கத்தில் தற்காலிகமாகச் சாத்தியது எதுவும் லேசில் நகர்வதில்லை.

"மேல காயுற மொளகாய அள்ளியாங்க. கட்டுன மனுசன்தான் ஏறணும்" என்பாள் அவர் மனைவி பூவிழி. ஏறுவார். ஏறினால் சட்டென்று இறங்கமாட்டார். அதற்குள் மிளகாய் இன்னொரு சுற்றுக் காய்ந்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரி தன் வரவு செலவுக்குப் பொறுப்பாக வைத்திருந்தது. வினோதம் என்னவென்றால், அங்கே அவர் கணக்கு தப்பாது. பிறர் பணம் என்றால் கனவு காண்பவர்கள்கூட விழித்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் அறிவரசனுடையது. இருபது சொச்சம் கட்டில்கள், ஒரு லேப், வாசலில் ஒரு வேப்பமரம், சிமெண்டு லாரிகள் போகிற போக்கில் இலைகளுக்குப் பூசிவிட்டுப் போகும் வெள்ளை. டாக்டரின் அப்பா பிறந்த ஊர் பெரம்பலூருக்கு அந்தண்டை இருக்கும் பூலாம்பாடி. அந்தப் பாசத்துக்காக அங்கே இரண்டு அறையில் ஒரு கிளினிக். நர்ஸ் அம்பிகா தினமும் இருப்பாள். பெரம்பலூரிலிருந்து ஒரு டாக்டர் புதன்கிழமைகளில் வருவார். கிளினிக் பிறந்த நாளிலிருந்து நஷ்டம். புதன்கிழமை போய் அந்த நஷ்டத்தைச் சரிபார்த்து வருவது ராஜதுரையின் வேலை.

அவருடைய வாரத்தில் ஏழு நாளும் இருந்தன என்றாலும், அவர் வாழ்ந்தது புதன்கிழமை மட்டும்தான் என்று சொல்லலாம். காலையில் அரியலூரில் ஏறி ஜன்னலோரம் உட்காருவார். பெரம்பலூரில் பஸ் மாறுவார். கிருஷ்ணாபுரம் தாண்டினால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். தூரத்தில் பச்சைமலை ஒரு பெரிய மாடு படுத்து அசைபோடுவது போல நீலமாகக் கிடக்கும். அரும்பாவூர் வரும்போது அவர் எங்கே இருக்கிறார் என்பது கண்டக்டருக்கே தெரியாது. டிக்கெட் மட்டும் கையில் இருக்கும்.

இந்தப் புதன்கிழமைக்குத்தான் ஆபத்து வந்தது, கம்ப்யூட்டர் உருவத்தில்.

திருச்சியிலிருந்து ஜெயப்பிரகாஷ் என்ற பையன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, யாரையும் பகைத்துக்கொள்ளாத சிரிப்பு. நோயாளிகளின் சீட்டு, ஃபைல், எக்ஸ்ரே கவர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் போட்டுவிடலாம். ஒரு பெயரைத் தட்டினால் அந்த ஆளின் பூர்வோத்திரமே வந்துவிடும் என்றான். விலை நான்கு லட்சம். "எல்லாம் சேத்து சார்" என்றான். அந்த 'எல்லாம்' என்ற சொல்லை ராஜதுரை சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுக் கொத்தனாரும் அதே சொல்லைத்தான் சொன்னதாக ஞாபகம்.

டாக்டருக்குப் பிடித்துவிட்டது. ராஜதுரையைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தே சொன்னார்.

"நாலுக்குள்ள முடியும்னா பூலாம்பாடி ஓடுறபடி ஓடட்டும் ராஜதுரை. அதுக்கு மேல போச்சுன்னா அத மூடிட்டுதான் இதச் செய்யணும். ரெண்டையும் தூக்க நமக்குத் தோள் இல்ல. திங்கக்கிழமைக்குள்ள முழுசா ஒரு பட்ஜெட் போட்டுக் குடுங்க."

"முழுசான்னா, டாக்டர்?"

"முழுசாத்தான். உங்க வூடு மாதிரி இல்லாம" என்று டாக்டர் சிரித்தார். அந்த ஏணி அரியலூர் வரை பிரசித்தம்.

வேலை சுலபம். ஜெயப்பிரகாஷ் கொடுத்த தாளைப் பார்த்து நான்கு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. பூலாம்பாடி பிழைக்கும், அங்கே வருகிற ஜனம் பிழைக்கும், புதன்கிழமை பிழைக்கும். பிற்பாடு கூடினால் கம்பெனி சொன்னதைத்தானே எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை. குறை சொன்னாலும் 'படி விட்டவர்தானே' என்று மன்னித்துவிடுவார்கள். மறதிக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

அந்த நினைப்போடுதான் அடுத்த புதன்கிழமை பஸ் ஏறினார். நிம்மதியாகக் கனவு காணலாம் என்று கண்ணை மூடினார். கனவில் ஆஸ்பத்திரி வந்தது.

புது ஆஸ்பத்திரி. மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர். காகிதமே இல்லை. வேப்பமரம்கூடக் கழுவிவிட்டது போல இருந்தது. ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். அவர் பேரைத் தட்டினார்கள். தட்டியதும் கரண்டு போயிற்று. இன்வெர்ட்டர் எங்கே என்று கனவில் ராஜதுரை திரும்பிப் பார்த்தார். அது இருந்த இடம் காலியாக இருந்தது, ஏனென்றால் அவர் அதை எழுதவில்லை. கரண்டு வந்தது. நெட்டு போயிற்று. நெட்டு வந்தபோது டாக்டர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். வாசல் வரை வரிசை. ஒவ்வொருவராக எழுந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், கோபமில்லாமல், தூக்கத்தில் நடப்பது போல. பின்கட்டில் பழைய ஃபைல்கள் அறையைவிட்டு வழிந்து, லாரிப் புழுதி படிந்து, "எங்கள எப்ப உள்ள ஏத்துவ?" என்று கேட்டன. ஏற்றுவதற்கு ஆள் இல்லை. ஆளையும் அவர் எழுதவில்லை.

திடுக்கிட்டு விழித்தபோது அரும்பாவூர். பச்சைமலை படுத்தபடியே அவரைப் பார்த்தது. இத்தனை வருடக் கனவில் முதல் தடவையாக அவருக்கு ஏறுகிற வேலை தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்றும் உடனே தோன்றியது. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அங்குசம் சில்லறைக் காசு. யானை தினம் தின்னும் கரும்பை யார் எழுதுகிறார்கள்?

பூலாம்பாடியில் இறங்கினால் மதுரைவீரன் ஆட்டோவோடு நிற்பான். மலையடிவாரத்துக் காட்டுக்கொட்டகைகளிலிருந்து கிழவிகளையும் கர்ப்பிணிகளையும் கிளினிக்குக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவன்தான்.

"வாங்கண்ணே. உங்களுக்கு முன்னாடியே ஒரு வெள்ளச்சட்டை வந்து எறங்கிருச்சு. பொட்டியெல்லாம் தூக்கிட்டு. கிளினிக்க வாங்கப் போறாரா?"

"இல்லப்பா. நோவ வாங்கப் போறாரு."

"வாங்கட்டும், வாங்கட்டும். எங்கிட்டயும் முதுகுவலி ஒண்ணு கெடக்கு, வெலைக்குத் தரேன்."

ஜெயப்பிரகாஷ் அதற்குள் மடிக்கணினியை விரித்து, அம்பிகாவின் நோட்டிலிருந்து பேரும் போன் நம்பரும் நோவுமாக ஏற்றி முடித்திருந்தான். ஒத்திகை பார்க்கிறானாம். சிரித்த முகமாகத் திருப்பிக் காட்டினான். அம்பிகா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன அம்பிகா?"

"சார்… நம்ம மதுரைவீரன் அண்ணன் ஏழு மாசமாம்."

திரையில் மதுரைவீரன், ஆண், வயது முப்பத்தெட்டு. முதுகுவலி சரிதான். கூடவே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இரண்டு கண்ணிலும் புரை, மூட்டுத் தேய்மானம், ஏழு மாதக் கர்ப்பம். போன மாதம் அம்மை ஊசியும் போட்டிருந்தது. காரணம் எளிது. அடிவாரத்தில் பாதிப் பேருக்குப் போன் கிடையாது. இருந்தாலும் அது திருப்பூரில் வேலை செய்யும் மகனோடு போய்விட்டது. நம்பர் கேட்டால் எல்லோரும் மதுரைவீரன் நம்பரைத்தான் சொல்வார்கள். அவனிடம் தகவல் சொன்னால் போதும், அவன் ஆளைக் கொண்டுவந்துவிடுவான். அதில் ஒரு தப்பும் இருந்ததில்லை, கம்ப்யூட்டர் வரும்வரை.

"ஒரு நம்பர்னா ஒரு ஆள் சார்" என்றான் ஜெயப்பிரகாஷ். "ஒலகம் பூரா அப்படித்தான்."

"ஒலகம் பூரா இருக்கலாம் தம்பி. பூலாம்பாடில ஒரு நம்பர்னா ஒரு ஆட்டோ."

வாசலில் நின்ற மதுரைவீரனுக்குச் சங்கதி எட்டியது. வயிற்றைத் தடவிக்கொண்டு, "அதானே, கொஞ்ச நாளா மாங்காயாத் திங்கணும் போல இருக்கு" என்றான். காத்திருந்த ஜனம் முழுக்கச் சிரித்தது. ராஜதுரையும் சிரித்தார். அம்பிகா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், பாப்பாத்தி அம்மாவுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. நோட்டுல செவப்பு மையில வச்சிருக்கேன். இதுல அது எங்க இருக்கு?"

தேடினார்கள். இருந்தது. மதுரைவீரனுக்குப் பென்சிலின் ஆகாது என்று இருந்தது. பாப்பாத்தி என்று ஒருத்தியே இல்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாப்பாத்தி, "நான் இங்கதான் இருக்கேன் சாமி" என்றாள், யாரோ கூப்பிட்டது போல.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ராஜதுரை ஜெயப்பிரகாஷை டீக்கடைக்கு அழைத்துப் போனார். பையன் கெட்டவன் இல்லை. கேட்டால் சொல்லக்கூடியவன், கேட்காதவரை சொல்லாதவன், அவ்வளவுதான்.

"இந்த ஜனத்த ஒவ்வொருத்தரா பிரிச்சு ஏத்தணும்னா?"

"அதுக்கு ஆள் போடணும் சார். அது தனி."

"லேப் மெஷின் ரிசல்ட்டு நேரா இதுல வரணும்னா?"

"அது தனி சார்."

"வருசா வருசம் ரிப்பேரு, புதுப்பிக்கிறது?"

"மொத வருசம் ஃப்ரீ சார். அப்புறம்…"

"தனி."

"ஆமா சார்."

"நாளைக்கு ஒத்துவரலன்னு வேற கம்பெனிக்குப் போனா, எங்க ஜனத்தோட வெவரத்த எடுத்துக் குடுப்பீங்கள்ல?"

ஜெயப்பிரகாஷ் டீ டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினான். "அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். ஆனா அதுவும் தனிதான்."

"எல்லாம் சேத்துன்னீங்களே தம்பி, அந்த எல்லாத்துல என்னதான் இருக்கு?"

பையன் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். "சாஃப்ட்வேர் இருக்கு சார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ராஜதுரை ஏணி வழியே மாடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர், பேட்டரி, இரண்டாவது நெட்டு, ஆள், பயிற்சி, முதல் மாதங்களில் டாக்டர் தட்டுத் தடுமாறும்போது எழுந்து போய்விடக்கூடிய நோயாளிகளின் வரும்படி, வருடாந்திரக் கட்டணம். மூன்று வருடத்துக்குச் சேர்த்தால் பதினொரு லட்சத்தைத் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்பு வெயிலில் மெல்ல அசைந்தது. கடல் இருந்த இடத்தில் இப்போது ஒரு பருந்து மட்டும் வட்டமிட்டது. கடல் போனபோது யாரும் அதற்குப் பட்ஜெட் போட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதுவாகத்தான் போயிருக்கும், கொஞ்சங்கொஞ்சமாக, சிப்பிகளிடம்கூடச் சொல்லாமல்.

பூவிழி ஏணியின் கீழே நின்று குரல் கொடுத்தாள். "சோறு ஆறுது. என்னதான் பண்றீங்க அங்க?"

மேலிருந்தே சொன்னார். நாலு என்று எழுதினால் என்ன, பதினொன்று என்று எழுதினால் என்ன என்று இரண்டையும் சொன்னார்.

"நாலுன்னா பூலாம்பாடி இருக்கும்?"

"இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

அவர் கணக்குத் தாளை மடித்தார்.

"நாலுன்னு எழுதிட்டு, அப்புறம் அந்த டாக்டரு பாதில நிக்கையில என்ன பண்ணுவீங்க? ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஏணி சாத்துவீங்களா?" என்றாள். அப்புறம், "எறங்குங்க. நடுக்குச்சி ஆடுது, பாத்து" என்றாள்.

நடுக்குச்சி ஆடத்தான் செய்தது.

திங்கட்கிழமை டாக்டர் அந்தத் தாள்களை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பதினொன்றைக் கண்டதும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி படித்தார்.

"நீங்க போட்டதா இது?"

"ஆமா டாக்டர்."

"எழுந்து போற நோயாளிக்குக்கூடவா கணக்கு எழுதுவாங்க?"

"போவாங்க டாக்டர். நான் பாத்தேன்."

"எங்க பாத்தீங்க?"

பஸ்ஸில் என்று சொல்ல ராஜதுரைக்கு வாய் வரவில்லை.

மதுரைவீரனின் கர்ப்பத்தைப் படித்தபோது டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பாப்பாத்தியின் பென்சிலின் வந்ததும் நிறுத்திக்கொண்டார். வெளியே ஒரு லாரி போனது. மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் லேசாக நடுங்கியது. ராஜதுரை அந்தத் தண்ணீரையே பார்த்தார். பூலாம்பாடியை மூடப்போகிறார் என்று தெரிந்தது. அம்பிகா நோட்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்குவதும், பூட்டிய கதவுக்கு முன்னால் மதுரைவீரன் ஆட்டோவைத் திருப்புவதும் அந்தத் தண்ணீருக்குள் தெரிந்தது.

"பதினொண்ணு இப்ப நம்மால ஆகாது" என்றார் டாக்டர். "ஆனா செய்யாமயும் இருக்க முடியாது. இன்னிக்கு இல்லாட்டி ரெண்டு வருசத்துல செஞ்சுதான் ஆகணும்." தாள்களைப் புரட்டினார். "எங்க அப்பன் ஊர்ல மட்டும் மொதல்ல செஞ்சு பாத்தா? ஒரே ஒரு கம்ப்யூட்டரு. தப்பு வந்தா சின்னத் தப்பா வரும். அங்க தேறினா இங்க கொண்டாருவோம்."

ராஜதுரை அங்கேயே ஒரு புதுத் தாளில் போட்டுப் பார்த்தார். நான்குக்குள் அடங்கியது, ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமான சாஃப்ட்வேர், கரண்டு, நெட்டு, ஆள், எல்லாம் சேர்த்து. இந்தத் தடவை அந்த 'எல்லாம்' கொஞ்சம் கனமாகவே இருந்தது.

"அப்ப பூலாம்பாடிய மூடல, டாக்டர்?"

"மூடிட்டு எங்க போயி சோதிக்கிறது?" என்ற டாக்டர், அந்தப் புதுத் தாளின் கடைசி வரியில் விரல் வைத்தார். "இது என்ன, மொத வருசம் மட்டும் வாரம் ஒருநாள் ஒருத்தர் நேர்ல போகணும்னு போட்டிருக்கீங்க?"

"மதுரைவீரன் நம்பர்ல இருக்கறவங்கள ஒவ்வொருத்தரா பிரிக்கணும். ஆளு மொகத்தப் பாத்துதான் செய்யணும். நான் போயிடுவேன்."

"ரெண்டாவது வருசத்துக்கு ஒண்ணும் போடலியே?"

அப்போதுதான் அவருக்கு அது தெரிந்தது. எழுதிய கை அவருடையதுதான். பெயர்கள் பிரிந்து, கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டால், பூலாம்பாடியின் மருந்து, வரவு, நஷ்டம் எல்லாம் அரியலூரில் இதே நாற்காலியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை. பஸ்ஸில் அவர் கண்ட கனவில் டாக்டர் இருந்தார், கிழவர் இருந்தார், பழைய ஃபைல்கள்கூட இருந்தன. அவருடைய புதன்கிழமை மட்டும் இல்லை. மற்றவர்கள் ஏறுவதற்கெல்லாம் படி எழுதியவர், தான் இறங்குகிற படியைக் கவனிக்காமலே எழுதியிருந்தார்.

டாக்டர் பேனாவை நீட்டினார். "ஏதாச்சும் விட்டுப்போயிருந்தா இப்பவே சேத்துருங்க. அப்புறம் ஏணி கேக்கக்கூடாது."

'மேற்பார்வை' என்று ஒரு வரி போதும். கேள்வியே வராத சொல். பேனா கைக்கு வந்துவிட்டது. கிருஷ்ணாபுரத்துக்கு அப்பால் பருத்தி வெடித்திருக்கும். மலை இந்நேரம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறிக்கொண்டிருக்கும்.

"இல்ல டாக்டர். ரெண்டாவது வருசம் யாரும் போகத் தேவையிருக்காது" என்றார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

பூலாம்பாடியில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய பிறகு முதல் புதன்கிழமை வழக்கமான பஸ்ஸில் வழக்கமான ஜன்னல் கிடைத்தது. ஒரு வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தலை ஜன்னல் கம்பியில் மெல்ல மெல்ல இடித்தது, கண் சொருகியது. மாடி வந்தது. ஆனால் அவர் நாற்காலியில் இல்லை, வீட்டின் பக்கவாட்டில் கீழே நின்றுகொண்டிருந்தார். எதிரே சிமெண்டுப் படி, பூச்சு ஈரம்கூடக் காயாதது. பூவிழி மிளகாய்த் தட்டோடு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். அவரும் ஏறினார். ஒவ்வொரு படியிலும் ஒரு கல் சிப்பி பதித்திருந்தது. பாதியில் மூச்சு வாங்கியது. கனவில் மூச்சு வாங்குவது அவருக்கு அதுதான் முதல் தடவை. மேலே எங்கேயோ அலைச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்து, "இதுக்கு எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தார்.

"பூலாம்பாடியெல்லாம் எறங்கு" என்றார் கண்டக்டர்.

ஆட்டோவின் முன்சீட்டில் மதுரைவீரன் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பின்சீட்டில் பாப்பாத்தியும் இன்னும் மூன்று பேரும் நெருக்கியடித்து இருந்தார்கள்.

"ஏறுங்கண்ணே. இன்னிக்கு யாரை எங்கிட்டேருந்து பிரிக்கப் போறீங்க?"

"மொதல்ல பாப்பாத்தியம்மா."

"பாத்துப் பிரிங்க. ஒரேயடியா எல்லாத்தையும் எடுத்துட்டீங்கன்னா வெறும் முதுகுவலியோட நிப்பேன்" என்றான் மதுரைவீரன்.

ராஜதுரை ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "நிதானமாத்தான் பிரிப்பேன்" என்றார். ஆட்டோ மலையைப் பார்த்தபடி கிளினிக் பக்கம் திரும்பியது.